எதிர்த் திசையில் ஒரு பொங்கல்

ஜனவரி 11, 2025, சனி: அம்பாசமுத்திரம், திருநெல்வேலி

போன செப்டம்பரில் ஒரு காலை மகன் போனில் "அம்மா..." என்றான். மீதியை அவன் சொல்லியிருக்கவே வேண்டாம்.

அம்பாசமுத்திரத்தில், நாங்கள் சொல்கிற அம்பையில், தொலைபேசி நிலைய ஆபரேட்டராக வேலை பார்த்தவள் நான். வெளியூருக்குப் பேச ஆபரேட்டரிடம் பதிவு செய்ய வேண்டிய டிரங்க் கால் காலம். ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகையில் பதிவு செய்துவிட்டு ஜனங்கள் காத்துக் கிடப்பார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். ஆபரேட்டர் பேச்சைக் கேட்கக் கூடாது என்பது விதி. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் காதில் விழத்தான் செய்யும். வருகிற பிள்ளை "வெள்ளிக்கிழமை வருகிறேன் அம்மா" என்று படபடவென்று சொல்லிவிட்டு வைத்துவிடும். வராத பிள்ளைதான் "அம்மா" என்பதை இழுக்கும். மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் அந்த இழுவையிலேயே போய்விடும்.

என் மகனும் இழுத்தான். எட்டு மணிக்கு முன்பதிவு திறந்ததாம், எட்டு மூன்றுக்குக் காத்திருப்போர் பட்டியலாம். "காரில் வருவதென்றால் போன வருடம் பட்டது போதும் அம்மா. நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடுங்கள். பொங்கல் சமயத்தில் இந்தப் பக்கம் வருகிற ரயில் காலியாகத்தான் இருக்கும்."

நான்கு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் இவர் போய் டிக்கெட் எடுத்து வந்து, இரண்டும் கீழ் பெர்த் என்று சந்தோஷமாகச் சொன்னார். கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதிய மனிதர். கீழ் பெர்த் கிடைத்தால் அவருக்கு அதுவே பண்டிகை.

ஊரை விட்டுப் போவதென்று ஆகிவிட்டது. பொங்கலையும் விட்டுவிட்டுப் போக நான் தயாராக இல்லை. பனங்கிழங்கு ஒரு கட்டு (120 ரூபாய், இவருடைய பாக்கெட் நோட்டில் பதிவாகியிருக்கிறது), சிறுகிழங்கு இரண்டு கிலோ, கருணை, சேம்பு, இலையோடு மஞ்சள் குலை, ஒரு கட்டுப் பனை ஓலை, எல்லாவற்றுக்கும் மேலே, அடுப்பாகக் கூட்டிப் பானை ஏற்ற மூன்று பொங்கல் கட்டிகள். மார்கழி பிறந்ததும் செம்மண்ணைக் குழைத்து, பழைய டால்டா டப்பாவில் அடைத்துத் தட்டி எடுத்து, நிழலில் உலர்த்தி, சுண்ணாம்பு பூசிக் காவிப் பட்டை இழுத்தவை. ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குக் குறையாது. பழைய புடவையில் தனித்தனியாகச் சுற்றி ஒரு கட்டைப்பையில் வைத்தேன். இவர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சென்னையில் மூன்று செங்கல் கிடைக்காதா?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் பிரயாணம் கெட்டுவிடும்.

மதியம் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறி நெல்லைக்குப் போனோம். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வரைக்கும் இருபுறமும் பிசான நெற்பயிர் பச்சைப் பசேலென்று நின்றது. நெல்லை ஜங்ஷனில் அதற்கு நேர்மாறு. சென்னையிலிருந்து சிறப்பு ரயில் ஒன்று அப்போதுதான் வந்து நின்றிருந்தது. தூங்குகிற குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, சக்கரப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, ஜனங்கள் கொட்டினார்கள். அந்த வெள்ளத்தை எதிர்த்து நாங்கள் இருவர், பனை ஓலையோடு.

எங்கள் பெட்டியில் ஏறப் போகும்போது முதுகுப் பையோடு ஒரு பையன் ஓடி வந்து என் கையைப் பிடித்தான். "ஆச்சி, இது சென்னைக்குப் போகிற வண்டி. ஏறிவிடாதீர்கள்."

"தெரியும் ஐயா. அங்கேதான் போகிறோம்."

அவன் பனை ஓலையைப் பார்த்தான், மஞ்சள் குலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் கட்டைப்பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "பார்த்துப் போய் வாருங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கினான். குரல் நல்ல குரல். யார் பெற்ற பிள்ளையோ.

பெட்டியில் எண்ணி 11 பேர் இருந்தோம்.

ஜனவரி 12, ஞாயிறு: தாம்பரம், ஊரப்பாக்கம்

விடிகாலைத் தாம்பரத்தில் இறங்கும் அவசரத்தில், இருட்டில், இவர் செருப்பைத் தேடிக் காலை விட்டது கட்டைப்பையின் மேல். "நறுக்" என்று ஒரு சத்தம். நான் கேட்டேன். இவர் கேட்கவில்லை என்கிறார். ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துப் பிரித்தால் மூன்றில் ஒன்று நாலு துண்டாகக் கிடக்கிறது. அங்கேயே வைத்து நன்றாகக் கேட்டுவிட்டேன். மகன் வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன். உடைந்த துண்டுகளைப் போட்டுவிடலாம் என்று அவன் சொன்னான். மண்ணைக்கூடச் சிந்தாமல் புடவையோடு மூட்டை கட்டி எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. கோபத்தில்தான்.

வீடு ஏழாவது மாடி. மருமகள் காபி கொடுத்தாள். குடித்தேன். கொஞ்சம் முதுகைச் சாய்க்கலாம் என்று கட்டிலில் படுத்தேன். கண் விழித்தபோது மணி பதினொன்றேகால்.

ஜன்னல் திரையை யாரோ இழுத்து விட்டிருந்தார்கள். வெளியே மருமகள் பேரனிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "டிவியைக் குறை. ஆச்சி ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்திருக்கிறார்கள், பாவம்."

எனக்கு உடம்பு முழுக்கக் கூசிப்போனது. போன பொங்கலுக்கு இவர்கள் ஊருக்கு வந்து இறங்கியபோது நான் என்ன செய்தேன் என்று நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணி. வாசலில் நின்றுகொண்டு, "காலையிலேயே வந்துவிடுவீர்கள் என்றுதானே சமைத்து வைத்தேன்" என்று ஆரம்பித்தேன். மறுநாள் மகன் பத்து மணி வரைக்கும் தூங்கினான். என் தங்கையிடம் போனில், "வந்ததும் வராததுமாகப் படுத்துவிட்டான், பொங்கலுக்கு வந்தானா தூங்குவதற்கு வந்தானா தெரியவில்லை" என்று சொன்னேன். பக்கத்து அறையில்தான் மருமகள் இருந்தாள்.

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்தோம். கீழே ஜிஎஸ்டி சாலை. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் இங்கிருந்து கூப்பிடு தூரம். செங்கல்பட்டு பக்கம் போகிற பாதையில் சிவப்பு விளக்குகள் கண்ணுக்கு எட்டின மட்டும் நின்றன; நகரவே இல்லை. சென்னைக்குள் வருகிற பாதையில் வெள்ளை விளக்குகள் ஒன்றிரண்டு பறந்தன. மகன் வந்து பக்கத்தில் நின்றான்.

"போன வருடம் எவ்வளவு நேரம் ஆனது உனக்கு?" என்றேன்.

"பதினேழு மணி நேரம் அம்மா. பரனூர் சுங்கச்சாவடியைத் தாண்டவே விடிந்துவிட்டது."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேனே."

சொல்லியிருப்பான். நான் சமைத்தது ஆறிப்போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். லைன் இரண்டு பக்கமும் திறந்திருந்தால்தான் பேச்சு கேட்கும். இது எனக்குத் தெரியாததல்ல.

இரவு பேத்தி பக்கத்தில் படுத்துக்கொண்டு, வண்டலூர் உயிரியல் பூங்காச் சிங்கம் ராத்திரியில் கத்துவது இங்கே வரைக்கும் கேட்கும் என்றாள். எட்டு வயது, சத்தியம் செய்தாள். ஒரு மணி வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பஸ் ஹாரன்தான் கேட்டது.

ஜனவரி 13, திங்கள்: போகி, திருவாதிரை

மருமகளுக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். பொழுது விடியுமுன் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாகக் கட்டி வாசல் நிலையில் செருகினாள். காப்புக் கட்டு. கல்யாணமாகி 15 வருடம். ஒவ்வொரு போகியும் அவள் எங்கள் வீட்டில்தான் இருந்திருக்கிறாள், ஒரு தடவைகூட இதைக் கட்டிப் பார்த்ததில்லை. "ஊரில் ஏன் கட்டவில்லை?" என்றேன். "அங்கே நீங்கள் கட்ட மாட்டீர்களே அத்தை" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், குத்தலாக அல்ல. ஆனாலும் எனக்கு நாள் முழுக்க அது உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது.

தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனோம். கரும்பு, மஞ்சள் எல்லாம் சாலையை மறித்துக் குவித்திருந்தார்கள். பூளைப்பூக் கட்டு 30 ரூபாய் என்றதும் இவர் நோட்டை எடுத்துவிட்டார். அம்பையில் வயல் வரப்பில் சும்மா முளைத்துக் கிடக்கும். "தாத்தா, அங்கே போய்ப் பறித்து வருவதற்கு எவ்வளவு செலவு?" என்றான் பேரன். ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் தாத்தாவைக் கொண்டிருக்கிறான். நான் ஊரிலிருந்து கிழங்கு சுமந்து வந்ததைப் பார்த்து இவர் சிரித்தார் அல்லவா, மார்க்கெட்டில் சிறுகிழங்கு தேடி மூன்று கடை ஏறி இறங்கினார், இல்லை. எனக்கு அதில் ஒரு திருப்தி.

பழையதை எரிக்கக் கூடாது என்று குடியிருப்பில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நல்லதுதான். எங்கள் பக்கத்தில் போகியென்றால் வீட்டை ஒதுக்கி வெள்ளையடிப்பது. இந்தப் பக்கத்தில் டயரையெல்லாம் போட்டுக் கொளுத்துவார்கள், புகையில் விமானம் இறங்க முடியாமல் திரும்பிய வருடமும் உண்டு. இந்தக் காலை வெயில் வர எட்டு மணி ஆனது. பனியா புகையா என்று சொல்ல முடியவில்லை; தொண்டை கரகரத்தது.

திருவாதிரையும் இன்றுதான். களியும் ஏழுகறிக் கூட்டும் செய்தேன். மிக்ஸியில் அரிசி உடைத்ததால் களி குழைந்துவிட்டது. நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தக் குரலும் எனக்குத் தெரியும்.

ஜனவரி 14, செவ்வாய்: பொங்கல்

பொங்கல் விட இடம், தரைத்தளத்துக் கார் நிறுத்துமிடம். பாதிக்கு மேல் காலி. கார்கள் எல்லாம் மதுரையிலும் தஞ்சாவூரிலும் நெல்லையிலும் நிற்கும். குடியிருப்பு சங்கம் சார்பில் ஏழு மணிக்கு காஸ் அடுப்பில் ஒரே பெரிய பானையாகச் சர்க்கரைப் பொங்கல் வைப்பதாக ஏற்பாடு. நான் ஆறு மணிக்கே இறங்கி மூலையில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டேன். சிமென்ட் தரையில் மாவு நிற்கவில்லை. பேத்தி டயர்த் தடத்தின் மேலேயே பூ வரைந்தாள்.

இரண்டு கட்டி இருக்கிறது, மூன்றாவதற்கு எங்கே போவது? இரவுக் காவல் முடிந்து போகவிருந்த செக்யூரிட்டிப் பையன் நாங்கள் முழிப்பதைப் பார்த்துவிட்டு, சுவரோரம் கிடந்த நடைபாதைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். உயரம் போதவில்லை. இன்னொன்று வைத்தான். ஒரு பக்கம் ஆடியது. கீழே குனிந்து, தன் சட்டைப் பையிலிருந்த அட்டையை மடித்துச் செருகினான். பானை அசையாமல் உட்கார்ந்தது. மூன்று வருடத்தில் தமிழ் படித்திருக்கிறான், அசாம்காரன். "எங்கள் ஊரிலும் இன்றைக்குப் பண்டிகைதான் பாட்டி" என்று கைப்பேசியை நீட்டினான். மாக் பிஹு. மூங்கிலாலும் வைக்கோலாலும் வயல்வெளியில் குடிசை கட்டி, ராத்திரி அதற்குள் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, விடிந்ததும் தீ மூட்டுவார்களாம். படத்தில் கம்பளி போர்த்திய பெண்கள் நெருப்பைச் சுற்றி நின்றார்கள். அதில் ஒருத்தியைத் தொட்டு "அம்மா" என்றான். இழுத்துத்தான் சொன்னான்.

பனை ஓலை சரசரவென்று பிடித்துக்கொண்டது. புகை மேல்தளத்தில் முட்டித் திரும்பி வந்து எல்லோர் கண்ணிலும் ஏறியது. சங்கத்துச் செயலாளர் வேகமாக வந்தார். வயதானவளைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, "அம்மா, காஸ் அடுப்பு இருக்கிறதே" என்றார். "இருக்கட்டும், பத்து நிமிடம்தான்" என்றேன். அவர் போகாமல் நின்றார். ஓலை தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டு ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட ஆரம்பித்தார். ராமநாதபுரம் பக்கமாம், ஓலைத் தீயைப் பார்த்து இருபது வருடம் ஆகிறதாம்.

எங்கள் வீட்டில் பால் பொங்கல்தான், வெல்லம் சேர்ப்பதில்லை. பானையின் கழுத்தில் மஞ்சள் குலை. நுரை கட்டி, வெள்ளையாக எழும்பி, முதலில் கிழக்குப் பக்கம் வழிந்தது. நான் குலவையிட்டேன்.

எனக்கு வயது 69. வெட்டவெளி வாசலில் இட்டுப் பழகிய குலவை. அடைத்த தளத்தில் அது தூணுக்குத் தூண் மோதி நாலு மடங்காகத் திரும்பி வந்தது. ஒரு காரின் எச்சரிக்கை மணி அலற ஆரம்பித்துவிட்டது. லிஃப்டிலிருந்து இறங்கிய இளம்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். பேரன் தலையைக் குனிந்துகொண்டான்; அந்த வயதில் என் மகனும் அப்படித்தான் குனிவான். பேத்தி மட்டும் நாக்கைச் சுழற்றிப் பார்த்தாள். வரவில்லை. மறுபடி பார்த்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் இரண்டு சேர்ந்துகொண்டன. அடுத்த பானை பொங்குவதற்குள் ஏழெட்டுக் குழந்தைகள் நாக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றன.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலையில் இருந்த காலத்தில் பொங்கல் காலை என்பது பெரும்பாலும் எனக்கு ஸ்விட்ச் போர்டின் முன்னால்தான் விடியும். அன்றைக்குத்தான் அழைப்பு அதிகம். என் மாமியார்தான் பானை வைப்பார்கள். என் குலவையை முதன்முதலாக என் மகன் கேட்டது அவனுக்குப் பத்து வயதிருக்கும்போது. "எங்கள் வீட்டுப் பொங்கல்" என்று நான் கட்டிக் காப்பதாக நினைத்துக்கொண்டிருப்பதில் பாதி, நான் வீட்டில் இல்லாத வருடங்களில் மாமியார் நடத்தியது. இதை இத்தனை வருடமாக யாரும் எனக்கு ஞாபகப்படுத்தவில்லை. நானும் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

மதியம் கிழங்குக் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல், பூசணிக் கூட்டு. சிறுகிழங்கின் தோலை உரிக்க மூன்று பேருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. சாப்பிடப் பத்து நிமிடம்.

ஜனவரி 15, புதன்: மாட்டுப் பொங்கல்

நேற்றைப் பொங்கல் சோற்றில் ராத்திரியே தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன். மீந்த குழம்பு, கூட்டு, பொரியல் எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுச் சிறு தீயில் சுண்ட வைத்தால் அதுதான் சுண்டக்கறி. நெல்லைக்காரர்களுக்குப் பொங்கலை விட இந்தக் காலை முக்கியம். பேரன் முதலில், "நேற்றைய மிச்சமா?" என்று முகத்தைச் சுளித்தான். இவர் ஒன்றும் சொல்லாமல் அவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். கருணைக்கிழங்கும் அவரைக்காயும் அடையாளம் தெரியாமல் கரைந்து, கறுத்து, சட்டியின் அடியில் லேசாகப் பிடித்திருக்கும் இடம் இருக்கிறதே, அதைச் சுரண்டி எடுத்தார். பேரன் ஒரு வாய் கேட்டான். பிறகு சட்டி அவனிடம் போய்விட்டது.

இந்தக் குடியிருப்பில் மாடு கிடையாது. தாத்தாவும் பேரனும் டிவியில் பாலமேடு ஜல்லிக்கட்டு பார்த்தார்கள்.

இரவு மகன், "அடுத்த வருடமும் நீங்களே வந்துவிடுங்கள் அம்மா. சௌகரியமாக இருந்ததல்லவா?" என்றான். சௌகரியமாகத்தான் இருந்தது. அதனால்தான் சுருக்கென்றது. இரண்டு வருடம் தொடர்ந்து அம்பை வீட்டு வாசலில் பானை ஏறவில்லை என்றால் மூன்றாவது வருடம் யார் கேட்கப் போகிறார்கள்? அதைச் சொல்லவில்லை. "முன்பதிவு எப்போது திறக்கும் என்று பார்த்து வை" என்றேன். எந்தப் பக்கத்துக்கு என்று அவன் கேட்கவில்லை.

ஜனவரி 16, வியாழன்: காணும் பொங்கல், வண்டலூர்

சிங்கத்தை நேரில் பார்த்துவிடுவோம் என்று உயிரியல் பூங்காவுக்குக் கிளம்பினோம். சென்னைக்குள் இருந்த பழைய மிருகக்காட்சிசாலை இங்கே மாறியது 1985-இல். என் மகன் பிறந்ததும் அதே வருடம். 602 ஹெக்டேர். அத்தனை இடத்திலும் இன்று காலை வைக்க இடமில்லை. பாதிச் சென்னை ஊருக்குப் போய்விட்டது என்றார்களே, மீதிப் பாதி இங்கே இருந்தது. புளியோதரைத் தூக்கு, போர்வை, கைக்குழந்தை எல்லாவற்றோடும் வந்திருந்தார்கள். நுழைவாயிலில் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பரை எழுதிக் கட்டினார்கள். பேத்திக்குக் கட்டிக்கொண்டோம். இவருக்குக் கட்டவில்லை.

பறவைக் கூண்டுகளைத் தாண்டி வந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருக்கிறார். காஷ்மீரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் லைன் பிடித்துக் கொடுத்தவளுக்கு, அரை மைலுக்குள் இருக்கிற புருஷனைப் பிடிக்க வழியில்லை. ஒலிபெருக்கி அறையில் போய்ச் சொன்னேன். அங்கிருந்த பெண், "குழந்தையின் பெயர்?" என்றாள். "வயது 74" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு மரியாதையாக அறிவித்தாள். நல்ல உச்சரிப்பு, எங்கள் காலத்தில் என்றால் வேலைக்கு எடுத்திருப்போம். முக்கால் மணி நேரம் கழித்து, யானை இருக்கும் பக்கத்திலிருந்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பம் இவரை நடத்திக் கூட்டி வந்தது. அவர்களோடு உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டிருக்கிறார். அந்த அம்மாள் என்னிடம், "ஐயா பசியோடு இருந்தார்" என்றாள், சற்றுக் கண்டிப்பாகவே.

சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது.

ஜனவரி 17, வெள்ளி: சிறுவீடு

முழங்கால் வீங்கிவிட்டது. கீழே இறங்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாண உருண்டையில் பூசணிப்பூ வைப்போம். அதைத் தட்டிக் காய வைத்துச் சேர்ப்பார்கள். தை பிறந்ததும் பெண் குழந்தைகளுக்காக மண்ணில் சின்னஞ்சிறு வீடு கட்டி, அதன் முன்னால் பொங்கலிட்டு, படைத்ததையும் பூ எருவையும் ஆற்றில் விடுவோம். சிறுவீட்டுப் பொங்கல். பேத்தி நான்கு வயதிலிருந்து அம்பையில் செய்கிறாள். இந்த வருடம் இல்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் உடைந்த கட்டி ஞாபகம் வந்தது. மூட்டையை அவிழ்த்து, துண்டுகளை வாளியில் ஊற வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அம்பை மண் கரைந்து செந்நிறமாகக் கிடந்தது. பால்கனியில் செய்தித்தாள் விரித்து, பார்சல் அட்டைப்பெட்டியை வெட்டிச் சுவராக நிறுத்தி, மண்ணைப் பூசினோம். பேத்தி முழங்கை வரைக்கும் சேறு. மருமகள் தண்ணீர்க் குழாயை எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்; பிறகு புடவையைச் செருகிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். சமையலறை, பூஜை அறை, முற்றம் என்று நான் வரிசை சொன்னேன். பேத்தி சமையலறையை ஒப்புக்கொண்டாள். முற்றம் வேண்டாம் என்றாள். அந்த இடத்தில் ஒரு தீப்பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தினாள்.

"இது என்ன?"

"லிஃப்ட். பக்கத்திலேயே உங்கள் அறை. முட்டி வலிக்கும்போது நடக்க வேண்டாம்."

ஒரு மாடி மண் வீட்டுக்கு லிஃப்ட் எதற்கு என்று இவர் கேட்டார். கேட்டவரை அவள் பார்த்த பார்வை என் மாமியாருடையது.

வாசலில் மருமகள் ஒரு சின்னக் கொத்துப் பூளைப்பூ செருகினாள். காஸ் அடுப்பில் கைப்பிடி அரிசி பொங்கி வாழை இலைத் துண்டில் படைத்தோம். ஆற்றில் விடுவதற்கு ஆறு எங்கே? வாளியில் விடலாம் என்று மகன் சொன்னதை அவள் காதில் வாங்கவே இல்லை. படைத்த பொங்கல், சாமந்திப்பூ, தீப்பெட்டி லிஃப்ட் மூன்றையும் தன் டிபன் டப்பாவில் அடைத்து என் பையில் வைத்தாள். "தாமிரபரணியில் விட்டுவிடுங்கள் ஆச்சி. டப்பாவை மட்டும் திருப்பிக் கொடுங்கள்."

ஜனவரி 19, ஞாயிறு: அம்பாசமுத்திரம்

நேற்று இரவு தாம்பரத்தில் ஏறினோம். எதிர் நடைமேடையில் ஊரிலிருந்து திரும்பிய கூட்டம், பனங்கிழங்குக் கட்டுகளோடு. எங்கள் பெட்டி மறுபடியும் காலி.

வீடு பூட்டியபடியே இருந்தது. வாசலில் பக்கத்து வீட்டு அம்மாள் நாள் தவறாமல் கோலம் போட்டிருக்கிறாள். சாவி கொடுக்க வந்தவள் சென்னையில் என்னவெல்லாம் பார்த்தாய் என்று கேட்டாள். சொல்ல ஆரம்பித்தேன், பாதியில் கண் சொருகியது. போய்ப் படுத்தவள் பன்னிரண்டு மணிக்குத்தான் எழுந்தேன்.

சாயங்காலம் படித்துறைக்குப் போனோம். டப்பாவைத் திறந்தால் பொங்கல் புளித்து நூல் விட்டிருந்தது. முழங்கால் வலியோடு மூன்று படி இறங்கித் தண்ணீரில் விட்டேன். மீன்கள் மொய்த்துக்கொண்டன, அவற்றுக்குப் புளிப்பு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. சாமந்தி நடு ஆற்றுக்குப் போய்விட்டது. தீப்பெட்டி மட்டும் படியை விட்டு நகராமல் சுற்றிச் சுற்றி வந்தது.

போன் அடித்தது. "ஆச்சி, லிஃப்ட் போய்விட்டதா?"

"போய்க்கொண்டிருக்கிறது" என்றேன். இவர் குடைக் கம்பால் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்.